பதினோரு காலைகள்

கடிதத்தைப் பிரிட்ஜ் மேல் வைக்காதே, மெரில்.
போன முறை நான் அப்படித்தான் வைத்தேன்.
ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் விழுந்து
முறையீட்டுக் கெடு தாண்டிப் போயிற்று.
பிரி. தேதியைப் பார்.
இரண்டாம் பக்கத்தில், பொடி எழுத்தில்,
எச்சரிக்கையின் கீழ் விசாரணை என்றிருக்கிறதா?
அப்படியானால் அது தேநீருக்கு அழைப்பு அல்ல.

கிரிம்ஸ்பியில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.
யாரோ ஒரு புண்ணியவான்
திரைச்சீலையை விலக்கி எண்ணியிருக்கிறான்:
உன் வாசலில் கோலினின் வெள்ளை வேன்,
பதினோரு காலைகள்.
வேன் எதற்கு வந்தது என்பது கணக்கில் இல்லை.
ராபிக்கு வயது பதினாறு, எடை எழுபது கிலோ;
உன் ஒருத்தி முதுகு
அவனைக் குளியல் தொட்டிக்குள் இறக்காது.
அதை எண்ண ஒருவருக்கும் விரல் இல்லை.

தனியாகப் போகாதே.
மீன் ஏலக்கடைக்கு எதிர் மாடியில்
பெர்னடெட் இருக்கிறாள், சட்ட உதவி, காசு வேண்டாம்,
படிக்கட்டு மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறு.
அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று
அவள்தான் முதலில் கேட்பாள்.
கேட்டு முடிக்கும்வரை வாயைத் திறக்காதே.
பயம் வந்தால் உனக்குப் பேச்சு கொட்டும், தெரியும்.
அறையில் ஒருவன் நல்லவன் போலச் சிரிப்பான்,
"சும்மா ஒரு பேச்சுதான்" என்பான்.
சும்மா பேச ஒலிப்பதிவுக் கருவி எதற்கு?

அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போடாதே.
நான் போட்டேன். வாரம் பதினெட்டு பவுண்டு,
தின்னாத ரொட்டிக்கு இன்னும் கட்டுகிறேன்.

பொய்யும் சொல்லாதே.
பிப்ரவரியில் பாய்லர் செத்தபோது
அவன் நாலு ராத்திரி சோபாவில் படுத்தான்.
நாலையும் சொல்.
(சோபாவில்தானே?
சரி, நான் கேட்கவில்லை.
பெர்னடெட்டிடம் சொல்.)

அந்தக் கேள்வி கடைசியில்தான் வரும்:
"நீங்கள் இருவரும் சேர்ந்து வாழ்கிறீர்களா?"
நீ சிரித்துவிடுவாயோ என்றுதான் எனக்குக் கவலை.
ஒன்பது வருஷம் அந்த மனுஷனை
ஒரு கூரைக்குக் கீழே இருத்திப் பார்க்க
நீ பட்ட பாடு!
மோதிரத்தை விற்ற ரசீது இருக்கும், எடுத்து வை.
வாழ மாட்டேன் என்று அவன் போனான்.
வாழ்ந்தாய் என்கிறது அரசாங்கம்.

கோட்டைப் போடு.
பஸ் ஒன்பது இருபதுக்கு.
ராபியை நான் பார்த்துக்கொள்கிறேன்,
குளிப்பாட்ட மட்டும்
கோலினைத்தான் கூப்பிட வேண்டும்.
வேனை அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்லவா?

வேண்டாம்.
வாசலிலேயே நிறுத்தட்டும்.