ஈடுபாடு: உயர்வு

சூக் நகரின் அந்தக் கட்டடத்துக்கு
ஒரு கதவு, நாற்பத்தொரு பெயர்ப்பலகை.
எங்கள் கம்பனி கீழிருந்து மூன்றாவது,
வாசனைத் தைலத்துக்கு வைக்கிற மாதிரிப் பெயர்.
எந்தப் பொத்தானை அழுத்தினாலும்
திறக்க வருவது உர்சினாதான்,
உதட்டோரம் பிஸ்கட் தூளோடு.

வேலைக்கு எடுத்த நாளில்
திரு. எபிஷர் ஒன்றைத்தான் கேட்டார்:
உங்கள் மொழியில் நீங்கள் அழுவதுண்டா?

பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் உண்டு.
யாருடைய காசென்று கேட்பதில்லை.
'நண்பர்கள்' என்பார்கள்.
நண்பர்களுக்குத் திருப்தி.
நண்பர்களுக்கு அந்தத் துறைமுகம் பற்றிக்
கொஞ்சம் கவலை.

என்னிடம் பதினெட்டுப் பேர்.
ஒரு ஆட்டோக்காரர், ஒரு கணக்கு ரீச்சர்,
கட்டாரிலிருந்து திரும்பிய இரண்டு பொடியள்.
மற்றது மெற்றில்டா.

மெற்றில்டாவை நான்தான் பெற்றேன்,
ஒரு செவ்வாய்க்கிழமை, தேநீர் இடைவேளைக்கு முன்.
வயது நாற்பத்தாறு. கடலுக்குப் போன புருஷன்.
கரைக்கு வந்தது எஞ்சின் மூடி.
மென்பொருள் தந்த வரைவில்
'என் கணவரை இழந்தேன்' என்று இருந்தது.
வெட்டிவிட்டு எழுதினேன்:
"மனுசன் போன கிழமையோட
குழம்பு வைக்கிறதை விட்டிட்டன்."

ஜெர்மனில் அதைப் படித்த எபிஷர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பிறகு சொன்னார்:
இவள் யாருக்கும் வாக்குக் கேட்க வேண்டாம்.
சலித்துப்போனால் போதும்.
மெதுவாக. தேர்தலுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

எனக்கு இங்கே வாக்கில்லை, வதிவிட அனுமதி மட்டும்.
அங்கேயும் இல்லை, மூன்று வயதில் விட்ட நாடு.
ஆனாலும் பதினெட்டுத் தொண்டையால்
நான் அங்கே சலித்துக்கொண்டிருந்தேன்.

தை மாதம் எமரென்சியா எழுதினாள்.
அவளை யாரும் எழுதவில்லை. உண்மையான ஆள்.
"தங்கச்சி, எங்கட ஆளும் அப்பிடித்தான் போனவர்.
நீங்கள் எந்தப் பங்கு?"

கையேட்டில் இதற்கும் ஒரு கட்டம் உண்டு:
ஈடுபாடு: உயர்வு. பதில் அவசியம்.
வரைபடத்தில் ஒரு கோயிலைத் தேடிப்பிடித்துப்
பதில் போட்டேன்.

அதன்பிறகு அவள் நிறுத்தவில்லை.
சின்னச் சட்டி வாங்கச் சொன்னாள்.
புளியைப் பாதியாக்கச் சொன்னாள்.
"ஒராளுக்குச் சமைக்கப் பழக வேணும் தங்கச்சி,
முதலில கையளவு பிழைக்கும்."
அன்றிரவு எமன்ப்ரூக்க வீட்டில்
உறைந்த மீனை உருக்கி
அவள் சொன்ன அளவில் வைத்துப் பார்த்தேன்.
மிச்சமே இல்லை.

தேர்தலுக்கு முதல் நாள்
மூடுபனியில் ஏரி இருந்த இடம் தெரியவில்லை.
செர்ரிச் சாராயம் ஊறிய கேக்,
இந்த ஊரின் பெருமை,
எல்லோர் மேசைக்கும் ஒரு துண்டு வந்தது.
மெற்றில்டாவின் கடைசி வரியும் வந்தது,
ஒப்புதலோடு, நேரம் குறித்து.

நாலு பத்துக்கு அனுப்பினேன்:
"ஆர் வந்தாலும் எங்களுக்கு ஒண்டுதான்.
நான் போகேல்லை."

நாலு பதின்மூன்றுக்கு:
"அப்பிடிச் சொல்லாதேங்கோ.
தனியப் போக எனக்கும் ஒரு மாதிரித்தான்.
சேர்ந்து போவம்.
விடிய ஏழு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில நிப்பன்,
நீலச் சீலை.
கண்டாக் கையைக் காட்டுங்கோ."

கையேட்டில் தேடினேன்.
ஐந்து மணிக்கு எபிஷர் வந்து
மெற்றில்டாவின் கடவுச்சொல்லை மாற்றினார்,
என் தோளில் தட்டினார்,
கேக்கை நான் தொடவில்லை என்பதைக் கவனித்தார்.

அங்கே ஏழு என்றால் இங்கே இரண்டரை.
விளக்கைப் போடாமல் சமையலறையில் இருந்தேன்.
தெருவில் உப்பு தூவும் லொறி போயிற்று.

ஏழேகால்.
ஏழரை.

பள்ளிக்கூட வாசலில் ஒரு நீலச் சீலை
வரிசையை விட்டு விலகி,
நீங்கள் போங்கோ, நீங்கள் போங்கோ என்று
பின்னால் நிற்பவர்களை
முன்னால் விடுகிறது.