மூடாத கோடு

கையை விரி, அசைக்காதே என்றேன்.
பியூலா விரித்தாள். கோல்கீப்பர் கை.
நகக்கண்ணில் வியாசர்பாடி மைதானத்துப் புழுதி.
வெளியே பழைய ஜெயில் ரோட்டில்
ஹார்பர் லாரிகள் நகராத பதினோரு மணி.

சீட்டில் ஒற்றை வரி: வயது அறிய.
பிறப்புச் சான்றிதழை மழைவெள்ளம் தின்றதாம்.
பதினாறுக்குக் கீழா மேலா,
எலும்பே சொல்லட்டும் என்கிறது சங்கம்.

திரையில் படம் ஏறியது.
முன்கை எலும்புக்கும் அதன் தொப்பிக்கும் நடுவில்
தலைமுடி கனத்தில் ஒரு கருங்கோடு.
"ஒடஞ்சிருச்சாண்ணா?"
இல்லைம்மா. அங்கேதான் வளர்ந்துகொண்டிருக்கிறாய்.

குருத்தெலும்பு.
பெயர் வைத்தவன் யாரோ, பனங்குருத்தைக் கடித்தவன்.
அடுக்கடுக்காய்ச் செல்கள் ஊதிப் பெருத்துச் சாகும்,
செத்த இடத்தில் சுண்ணாம்பு குடியேறும்,
எலும்பு ஒரு நூல் நீளும்.
நீ தூங்கும்போது
மூளைக்கு அடியில் பட்டாணி அளவுச் சுரப்பி
அதற்கு ஆள் அனுப்பும்.
முள்ளோடு மென்ற நெத்திலி சேரும்.
பாய்ந்து விழுந்த ஒவ்வொரு பந்தையும்
எலும்பு உள்ளே எழுதி வைத்துக்கொள்ளும்.
வெயிலும் வேண்டும்.
உங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்கு நடுவே
அது எத்தனை நிமிஷம் இறங்குகிறது என்று நான் கேட்கவில்லை.
காலையில்தான் அதே தெருவிலிருந்து வந்தான்
கால்கள் வில்லாய் வளைந்த ஒரு மூன்று வயசுக்காரன்.

"அதுக்கு மேல வெள்ளையா இன்னொரு கோடு?"
எப்போதோ வளர்ச்சி நின்றுபோயிருக்கிறது, என்றேன்.
அதுவரை பேசாமலிருந்த அம்மா சொன்னாள்:
"கொழாத் தண்ணில சாக்கட கலந்துச்சே, அந்த மாசம்.
மஞ்சக்காமால. நாப்பது நாளு கஞ்சிதான்."
நாற்பது நாள், ஒரு வெள்ளைக் கோடு.
அதற்கு இப்பால் அரை விரற்கடை புது எலும்பு.
அம்மா அந்த அரை விரற்கடையையே
பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் கோச் ஜெபமாய் நிற்கிறார்,
கோடு திறந்திருக்க வேண்டும் அவருக்கு.
ரிப்போர்ட் டாக்டர் எழுதுவார், நான் படம் பிடிப்பவன்.
எலும்புக்குத் தேதி தெரியாது,
ஏறக்குறையத்தான் சொல்லும்.
வளர் என்ற அதே சுரப்புதான்
ஒருநாள் போதும் என்று கதவைச் சாத்தும் என்பதை
அவளிடம் சொல்லவில்லை.

"இன்னும் எவ்ளோ ஒசரம் வருவேன்?
கிராஸ்பார் எட்டணும்ணா."
தெரியாது என்றேன்.

போகும்போது
கதவு நிலையை எகிறித் தொடப் பார்த்தாள்.
தொட்டாளா என்று நான் பார்க்கவில்லை.
அடுத்த சீட்டு கையில் இருந்தது.
அதிலும் வயது அறிய.
செங்கல் சூளையிலிருந்து மீட்ட பையன்,
பெயர் இருந்த இடத்தில் தண்ணீர் பட்டிருந்தது.