ஒரு டாலர் போதும்

சூ ஃபால்ஸில் பனி தொடங்கிய செவ்வாய்.
மூன்றாம் வரிசை, பதினோராம் மேசை.
என் பெயர் கார்வின் ட்ரூட்.
தொலைபேசியில் மட்டும் மிஸ்டர் டேவிஸ்.
செத்துப்போன கடன்களை எழுப்பி
நடக்கவைப்பது என் வேலை.

திரையில் அவள்:
பிரின் கோஸ்கெலா, டுலூத், மினசோட்டா.
இருபது முடிந்து நான்கு மாதம்.
கிரெடிட் கார்டு வாங்கப்பட்டபோது பதினாறு.
விண்ணப்பத்தில் மட்டும் பத்தொன்பது:
பிறந்த வருடத்தின் கடைசி நான்கை
யாரோ ஒன்றாக்கியிருக்கிறார்கள்,
பால்பாயின்ட் பேனாவால்,
அவசரமே இல்லாமல்.

அசல் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு.
வட்டி குட்டி போட்டு, அந்தக் குட்டியும் குட்டி போட்டு
ஐயாயிரத்தை எட்டிப் பார்க்கிறது.

வேலையில் சேர்ந்த வாரம் சொல்லிக்கொடுத்தார்கள்:
பதினெட்டுக்கு முன் போட்ட கையெழுத்தை
உதறிவிட்டு நடக்கலாம்.
பதினெட்டுக்குப் பின் எதையாவது கட்டிவிட்டால்
"ஆமாம், என் கடன்தான்" என்று
அவர்களே சொன்னதாக ஆகிவிடக்கூடும்.
ஆகவே நாங்கள் ஐயாயிரம் கேட்பதில்லை.
ஒரு டாலர் கேட்போம்.
நல்லெண்ணத்துக்கு, என்போம்.
ஒரு காப்பிக்குக்கூடக் காணாதே மேடம், என்போம்.

"நான் அந்தக் கார்டைக் கண்ணால பாத்ததே இல்லை" என்றாள்.
எல்லோரும் சொல்வதுதான்.
எதில் செலவானது, படிங்க, என்றாள்.
படித்தேன்.

நவம்பர் பன்னிரண்டு, டயர் கடை, நூற்று அறுபது.
நவம்பர் முப்பது, கொதிகலனுக்கு எண்ணெய், நானூற்றுப் பதினொன்று.
ஜனவரி, கண் மருத்துவமனை, மூக்குக்கண்ணாடி ஒன்று.
பிப்ரவரி, எண்ணெய்.
அதே மாதம் மறுபடியும் எண்ணெய்.
மார்ச், சூதாட்ட விடுதி, நாற்பது.

நெடுநேரம் ஏரிக்காற்றின் இரைச்சல் மட்டும்.
பிறகு அவள், என்னிடம் இல்லை,
யாரிடமோ சொல்வதுபோல:
"அந்த எண்ணெய் வந்த ராத்திரி ஞாபகமிருக்கு.
மூணு வாரமா கோட்டோட படுத்துட்டு
அன்னைக்குத்தான் கழட்டினேன்.
அப்பா சுவர்ல காதை வச்சு
கொதிகலன் பத்திக்கிற சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சார்."

இந்த உரையாடல் பதிவாகிறது
என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தேன்.
குளிருக்கு நெருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி:
சட்டத்தில் இதற்கு ஒரு சொல் உண்டு, அத்தியாவசியம்.
சின்ன வயது என்ற கதவைப்
பாதி சாத்திவிடுகிற சொல்.
அதை நான் உச்சரிக்கவில்லை.
அவளே அதன் நடுவில்
கோட்டைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"என் கடன் இல்லைன்னா என்ன பண்ணணும்?"
காவல் நிலையத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும்.
படிவத்தில் கட்டைவிரல் நகமளவு ஒரு கட்டம்:
இதைச் செய்தவரை உங்களுக்குத் தெரியுமா?

"தெரியும்னு போட்டா அவருக்கு என்ன ஆகும்?"
என் முன்னாலிருந்த தாளில்
அந்தக் கேள்விக்குப் பதில் அச்சாகவில்லை.
எனக்குத் தெரியும். இருந்தும்
நெஞ்சை விட்டு வரவில்லை.

"கண்ணாடிக்கு மட்டும் கட்டலாமா?" என்றாள்.
"இன்னும் அதைத்தான் போட்டிருக்கேன்.
ஒரு பக்கம் டேப் ஒட்டியிருக்கு.
ஆனா நல்லாத் தெரியுது."

கட்டு என்றால் என் பெயருக்கு நேரே
பலகையில் ஒரு நீலக் காந்தம்.
இந்த மாதம் இன்னும் ஆறு வேண்டும்.
கட்டாதே என்றால் வேலை போகும்.
நான் செய்ததை நல்லது என்று சொல்லமாட்டேன்.
"மேடம், லைன் சரியில்லை" என்றேன்.
லைன் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது.
ஃபோனை வைத்துவிட்டு
"தொடர்பு கிடைக்கவில்லை" என்று தட்டினேன்.

நாளைக் காலை எட்டேகாலுக்கு
இயந்திரம் தானாகவே அவள் எண்ணை அழைக்கும்.
ஏழாம் மேசையில் மாரிபெத் எடுப்பாள்.
மாரிபெத்தின் குரல்
மிகவும் இதமானது.