அனுப்புநர்

கிளைபேடாவில் நவம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும்.
துறைமுகத்துக் கிரேன்கள் விளக்கேற்றிக்கொள்ளும்.
எனக்கு மின்னஞ்சல் முகவரிகள் ஐந்து,
கைப்பேசி ஒன்று,
அதில் சார்ஜ் பதினெட்டு சதவீதம்.

எங்கள் ஊரில்
பெண்ணின் குடும்பப் பெயருக்கு வால் உண்டு.
அப்பாவின் மகளாக நான் வில்கைத்தே.
கட்டியவனின் மனைவியாக புட்கியேனே.
தீர்ப்பு வந்த மறுவாரம்
பதிவு அலுவலகத்தில் வரிசையில் நின்று
யாருடையவள் என்று சொல்லாத ஒரு பெயர் வாங்கினேன்:
வில்கே.
மூன்று பெயருக்கும் மூன்று முகவரி.
புட்கியேனேவுக்குத்தான்
மழை விட்டும் தூவானம் விடவில்லை,
பள்ளி, பல் மருத்துவர், அவனுடைய வக்கீல்.
நாலாவது, எங்கள் கட்டடத்தின் கூரை ஒழுகல் கணக்கு.
ஐந்தாவதைப் பதினைந்து வயதில் திறந்தேன்:
மஞ்சள்தவளை.
எதற்கு மஞ்சள், எதற்குத் தவளை
நினைவில்லை.
மின்கட்டண ரசீது இன்றுவரை அதற்குத்தான் வருகிறது.

ஞாயிறு முழுக்கச் செயலி தேடினேன்.

ஒன்று எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊறவைத்தது.
வக்கீலுக்கும் சுங்கத்துறைக்கும் நடுவே
காலணி பாதி விலை.
சாயம் ஒன்றில் ஒன்று ஏறியது.

அடுத்தது அஞ்சறைப் பெட்டி.
கடுகு கடுகோடு, சீரகம் சீரகத்தோடு.
அழகுதான்.
மகளுக்குக் காய்ச்சல் என்று பள்ளி அனுப்பியதை
அந்த அறையைத் திறந்த பிறகுதான் பார்த்தேன்,
இரண்டு மணி நேரம் தாமதமாக.

இன்னொன்று பதிலையும் தானே யோசித்தது.
பிள்ளைக்குத் தரும் பணத்தைக் குறைக்கக் கோரிய மனுவுக்கு
அது நீட்டியவை:
அருமை!
மிக்க மகிழ்ச்சி!
செவ்வாய் எனக்கு வசதிப்படும்.
நீக்கினேன்.
ஏன் என்று கேட்டது.

வாளியே போதும், பழகிவிடும் என்றான்
பக்கத்து மேசை விகிந்தாஸ்.
பழகினேன்.

செவ்வாய்க் காலை,
நாற்பது கன்டெய்னர் சதுப்பு மண்
ஹல் துறைமுகத்துக்குப் போகக் காத்திருந்தது.
கப்பல் தயார், ஒரு முத்திரை குறைகிறது.
ஒரு கையில் காப்பியோடு
சுங்க ஆய்வாளருக்கு எழுதி அனுப்பினேன்.
பதினோரு நிமிடத்தில் பதில்:

மதிப்பிற்குரிய மஞ்சள்தவளை அவர்களுக்கு,
நாற்பது கன்டெய்னருக்கும் அனுமதி தரப்பட்டது.
சதுப்பு நிலம் பற்றி
உங்களுக்குத் தெரியாததா.
இவண், கின்தவ்தாஸ் ரிம்குஸ்.

காப்பி விசைப்பலகையில் கொட்டியது.
பதினைந்து வயதில்கூட
அந்தப் பெயரை யாரும் இத்தனை மரியாதையாக
அழைத்ததில்லை.

அன்றிரவு அமைப்புகளுக்குள் இறங்கித் துழாவினேன்.
எல்லாச் செயலிக்குள்ளும் எங்கோ ஆழத்தில்
ஒரே கேள்வி கிடக்கிறது:
உங்கள் இயல்பான முகவரி எது?
எப்போதோ ஒரு முறை பதில் சொன்னால் போதும்,
பிறகு கேட்காது.
அதுதான் வினை.

கடைசியில் கிடைத்தது சாம்பல் நிறத்தில் ஒன்று,
மாதம் இரண்டு யூரோ.
சாமர்த்தியம் ஏதும் கிடையாது.
ஒவ்வொரு முறையும் அனுப்பும் முன் நின்று
யாராக? என்கிறது.
ஒரு தட்டு அதிகம்.
விகிந்தாஸ் சிரித்தான், அந்த ஒரு தட்டுக்கா காசு?
அதற்குத்தான்.

இப்போது மணி பத்து.
டங்குவாலே எழுதியிருக்கிறாள்,
அவனுடைய அக்கா, நீடாவில் இருப்பவள்.
இந்த வருடக் காளான் ஊறுகாயில்
மூன்று ஜாடி உனக்கு.
வெள்ளிக்கிழமைப் படகில் கொண்டுவருகிறேன்.
அவனிடம் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

படகுத்துறைக்கே வந்து வாங்கிக்கொள்கிறேன்
என்று எழுதி முடித்தேன்.

யாராக?

ஐந்து பெயர், ஒன்றன்கீழ் ஒன்று.
விரல் வில்கேயின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.
அவளுக்கும் காளான் பிடிக்கும்.
ஆனால் ஜாடி வருவது புட்கியேனேவுக்கு.

அனுப்பினேன்.

மேலே எங்கோ சொட்டத் தொடங்கிவிட்டது.
நாலாவதில்
மூன்றாம் மாடிக்காரர்.