டேப் ஏழு, என்டர் ஒன்று

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
மீன் எடைபோடும் எங்கள் அறைக்குப்
புதுத் திரை வந்தது, மேசையின் பாதி அகலம்.
அதன் நடுவே பழைய இயங்குதளத்தின் சன்னல்
பெரிய உறையில் ஒட்டிய தபால்தலை.
மீதியெல்லாம் கறுப்பு.

எடைக்கணக்கு நிரலை எழுதிய நிறுவனம்
மூடிப் பதினான்கு வருடம்.
இன்றைய கணினி எதிலும் அது ஓடாது.
ஆகவே கணினிக்குள் ஒரு பொய்க் கணினி,
குடத்துக்குள் விளக்கு.
அதற்குத் தெரிந்த உலகம்
அகலத்தில் அறுநூற்று நாற்பது புள்ளி,
உயரத்தில் நானூற்று எண்பது.
காட் மீனும் ஹேடக்கும் அதற்குள்தான் நீந்தியாக வேண்டும்.

படகின் கணக்கு முடிந்ததும்
ஒரு பெட்டி திறக்கும்.
அதன் அடிப்பாகம் திரைக்குக் கீழே எங்கேயோ.
ஒருவரும் பார்த்ததில்லை.
விசைப்பலகையில் யாரோ ஒட்டிய சீட்டு:
டேப் ஏழு, என்டர் ஒன்று.
மின்சாரம் போன இரவில்
படியை எண்ணி இறங்குகிறவள்போல
நானும் எண்ணிவந்தேன்,
பதினோரு வருடம்.

பிப்ரவரியில் ஒரு புயல் இரவு. படகில்லை.
திரை நினைவகத்தை
எட்டிலிருந்து நூற்றிருபத்தெட்டாகக் கூட்டினேன்.
ஒன்றும் நடக்கவில்லை.
வீட்டில் இடமிருந்து என்ன?
விருந்தாளிக்கு யாராவது சொல்ல வேண்டாமா?
அதற்கென்று ஒரு வட்டு உண்டு,
பொய் இயக்ககத்தில் பொய் வட்டு.
நிறுவினேன். மறுபடி தொடங்கவா என்றது.
தொடங்கு.

சன்னலின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
இழுத்த மட்டும் வந்தது
அந்தப் பழைய சாம்பல் நிறம், கறுப்பைத் தின்றபடி.
மூடுபனி விலகியதுபோல என்று எழுதலாம்தான்.
எங்கள் ஊர் மூடுபனி
இப்படிச் சொன்னபடி கேட்டதில்லை.

காலையில் ஹானுஸ் வந்து
மூக்குக் கண்ணாடியைத் துடைத்தான், மறுபடி துடைத்தான்.
"இது எழுத்தா, மீன்பேனா?
பெரிதாக்கினேன் என்கிறாய் ரன்வா,
எல்லாம் சிறுத்துக் கிடக்கிறது."
பதில் சொல்வதற்குள்
முதல் படகு வந்துவிட்டது, டோர்மோடுருடையது.
இரண்டு டன் அறுநூறு.
பெட்டி திறந்தது,
முதல்முறையாக முழுசாக.

கீழே 'சேமி' இருந்தது. நல்லவேளை.
அதற்கு மேலே, ஆறாவது டேப் நின்று கடக்கும் இடத்தில்,
அரிசி அளவில் ஒரு கட்டம், காலியாக.
பக்கத்தில் மூன்று சொல்:
பனிக்கட்டியின் எடையைக் கழி.

ஹானுஸ் அதை விரலால் தொட்டுப் படித்தான்.
பிறகு என்னைப் பார்த்தான்.
பிறகு சுவரோரம் அடுக்கிய கோப்புகளை,
பதினோரு வருடத்தை,
மீன் விலை கொடுத்து நாங்கள் வாங்கிய
அத்தனை தண்ணீரையும்.

வெளியே டோர்மோடுர் கையுறையோடு
கண்ணாடியைத் தட்டுகிறான்,
எவ்வளவு, எவ்வளவு என்று.

"பழைய அளவுக்கே வைத்துவிடு," என்கிறான் ஹானுஸ்,
"எனக்குக் கண் வலிக்கிறது."