பதிலளிக்க மறுத்தவர், ஒருவர்

பகாவ் நூலகத்தில் சமூகவியலுக்கு
அரை அலமாரி.
மீதி அரையில் சமையல்.

என்ன சொல் போட்டுத் தேடினாய் என்கிறார்
புவான் சல்பியா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி.
தோட்டம் என்று போட்டேன்.
ரோஜாவுக்கு உரமிடும் முறை வந்தது.
லயம் என்று போட்டேன்.
மிருதங்கம் வந்தது, இரண்டு பாகம்.
ரப்பர் என்றதும் கணினி
அறுநூற்று முப்பத்து மூன்றுக்கு அனுப்பியது:
பட்டை, பூஞ்சை, வேர் அழுகல்.
மரத்துக்கு வரும் நோய்க்கெல்லாம் வண்ணப்படம்.
மரத்தைக் கீறியவர்கள்
அட்டவணை ஏழில், கூலிச் செலவு என்ற வரியில்,
ஏக்கருக்கு இத்தனை வெள்ளி என்று
இருக்கிறார்கள்.

இரவில் எனக்கு எண்ணெய் நிலையத்தில் வேலை.
பகலில் தொலைதூரக் கல்வி, மூன்றாம் ஆண்டு.
முதல் அத்தியாயத்தின் ஓரத்தில்
மேற்பார்வையாளர் சிவப்பில் எழுதியிருந்தார்:
முதன்மை ஆதாரம் எங்கே?
அடிக்குறிப்பு ஏன் இவ்வளவு மெலிவு?

தோட்டத்து ஆபீசை இடித்தபோது
செக்ரோல் புத்தகங்கள்
பசாருக்குப் பின்னால்
ஆ செங்கின் பழைய இரும்புக்கடைக்கு வந்ததாகக் கேள்வி.
வந்தது உண்மை. கிலோ இருபது சென்.
"போன வருசமே லோரி ஏறிடுச்சே தங்கச்சி"
என்றார், நம் தமிழில், நம்மைவிட வேகமாக.
முட்டை அட்டை செய்யத்தான் வாங்கிப் போவார்களாம்.
அன்று சாயங்காலம்
ஒரு தட்டு முட்டை வாங்கி
அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
சாம்பல் நிறம்.
ஒரு இடத்தில் மட்டும் நீலம் மாதிரி. மை என்று
சத்தியம் செய்ய முடியாது.

பிறகுதான் புவான் சல்பியா அந்தப் பாரத்தை எடுத்தார்,
நூலகம் விட்டு நூலகம் இரவல்.
தபால் செலவு ஆறு ரிங்கிட்.
மூன்று வாரம் என்றார், ஐந்தானது.

வந்தது ஒரு தட்டச்சு ஆய்வேடு. எழுபத்து நான்கு.
ஊரை மறைத்து 'அ' தோட்டம் என்று போட்டிருந்தார்கள்.
மறைத்து என்ன,
தண்டவாளத்தை ஒட்டி மாரியம்மன் கோயில்,
கோயிலுக்குப் பின்புறம் கள்ளுக்கடை,
மழைக்கு முழுகும் மரப்பாலம்.
பாலம் மட்டும் இப்போது சிமெண்ட்.

நூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டிருக்கிறார்கள்:
வயது, பிள்ளைகள், கடன்,
மண்டோர் நல்லவரா.
நூற்றுப் பதினொரு பேருக்கு மண்டோர் நல்லவர்.
அட்டவணைக்குக் கீழே, எறும்பு எழுத்தில்:
பதிலளிக்க மறுத்தவர், ஒருவர்.
பெண். பத்தொன்பது.

மீதிப் பக்கங்களை அன்று நான் படிக்கவில்லை.
மறுநாள் போய்
மறுப்பு என்று போட்டுத் தேடினேன்.
சட்டம் வந்தது. தத்துவம் வந்தது.
அவள் வரவில்லை.
ஆசிரியர் பெயர் தெரியாவிட்டால்
மேற்கோள் காட்ட விதி இருக்கிறது,
ஆண்டு தெரியாவிட்டாலும் இருக்கிறது.
வாயை மூடிக்கொண்டு எழுந்து போனவளை
எந்த வடிவத்தில் காட்டுவது?
ஆய்வேட்டின் பின்னட்டைச் சீட்டில்
எனக்கு முன்னால் ஒரே ஒரு முத்திரை,
எண்பத்தொன்பது, ஜூலை.
அதை இரவல் வாங்கியது யார் என்று
கொஞ்ச நேரம், காரணமில்லாமல், கோபப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை
என் வினாப்பட்டியலோடு மலிவுவிலை அடுக்குமாடி,
மூன்றாம் மாடி, விமலேஸ்வரி வீடு.
கையுறை ஆலையில் பொட்டலம் கட்டுகிறார்.
பதினாறு கேள்வி வரை மளமளவென்று சொன்னார்.
பதினேழு: உங்கள் சூப்பர்வைசர் உங்களை எப்படி நடத்துகிறார்?
விசிறியைப் பார்த்தார்.
துவைத்த சீருடையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
பேனாவை நான் மூடி வைத்தேன்.
காலியிடத்தைக் காலியாகவே விட்டு
பக்கத்தில் நேரத்தைக் குறித்தேன்:
நான்கு நிமிடம்.

வாசல் வரை வந்தவர் கேட்டார்,
"இதெல்லாம் எழுதி முடிச்சா எங்க வைப்பாங்க?"
அலமாரியைச் சொன்னேன்.
"சமையல் பக்கத்துல வேணாம்னு சொல்லு"
என்று கதவைச் சாத்தினார்.
உள்ளே சிரித்த மாதிரி கேட்டது.
அதையும் எழுதலாமா என்று
புவான் சல்பியாவைத்தான் கேட்க வேண்டும்.