எழுபத்துநாலு கிலோ

படிவத்தில் எடை என்ற கட்டத்தில்
அவர் தானே எழுதினார்: 74.
கருவி நூற்றொன்று காட்டியது.

வெட்டூர்ணிமடத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி
எங்கள் எக்ஸ்ரே அறை.
அன்று காலை ஏழு பேர். மூன்று பேர் பைக்கில் விழுந்தவர்கள்,
ஒருவர் பனையிலிருந்து.
எட்டாவதாக வாசலை அடைத்துக்கொண்டு இவர்.
வேலை கூடங்குளத்தில், கிரேன் பிரிவு.
தங்கல் அஞ்சுகிராமத்தில்.
கூட வந்த ஷாஜின் கார் ஓட்டுவான்,
ருஷ்யமும் அரைகுறையாய் ஓட்டுவான்.

த்சாகோயெவ் கஸ்பெக், ஆண், 49.
முதலெழுத்தே நாக்கில் மீன்முள்.
"சாக்கோ அண்ணன்னு போடுங்கக்கா, போதும்."

காது என்று அதைச் சொல்ல முடியாது.
அவித்துப் பிசைந்த மரச்சீனியை
இரண்டு பக்கமும் அப்பி வைத்ததுபோல்.
"கேக்குமா இது?" என்றேன் ஷாஜினிடம்.
கேட்டுவிட்டது. சிரித்தார்.

தோள், விலா, முழங்கால்.
ஒவ்வொரு படமும் ஈரத்தோடு வெளிச்சப் பெட்டியில் ஏற
விரல் வைத்து ஊர் சொன்னார்.
இந்தக் காறையெலும்பு திபிலிசி, பதினெட்டு வயசு.
இந்த விலா மின்ஸ்க், அன்றைக்கு ஜெயித்தேன்.
முழங்கால் சில்லுக்கு அடியில் மணல்போல் கிடப்பது
எந்த ஊரும் இல்லை,
ஒன்பது வருஷம்.

ஒன்பது வருஷமும் அவர் எடையில்
அவருக்கு மேல் இரண்டு பேர்.
"தெருச் சண்டையில ஜெயிச்சாத்தான்
ஊர்ச் சண்டைக்கு விடுவாங்களாம் அக்கா.
அந்தத் தெருவுல எல்லாவனும் பயில்வான்."
எண்பதில் ஒலிம்பிக்ஸ் மாஸ்கோவுக்கே வந்தது.
இவர் மாற்று ஆள். விரிப்பின் ஓரத்தில்
தண்ணீர் நீட்டினார், துண்டு நீட்டினார்.

எண்பத்துநாலில், பனி உருகும்போது, இருவரையும் சாய்த்தார்.
ஒருவனைக் காலை வாரி.
இன்னொருவனைக் கடைசி நொடியில், ஒரே புள்ளியில்.
எடை பார்க்கும் முன் இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் இல்லை,
எச்சிலையும் துப்பித் துப்பி
சரியாக எழுபத்துநாலு.
அணிக்கான கோட்டுக்கு அளவெடுத்தார்கள்.
மே மாதம் ரேடியோ சொன்னது,
லாஸ் ஏஞ்சல்ஸுக்கு நாடு போகாது.

கட்சி ஆபீஸிலிருந்து யாரும் பேசவில்லை.
தையல்காரர் மட்டும் போன் செய்தார்:
கோட்டை என்ன செய்ய?
வாங்கிக்கொண்டாராம்.
அதைப் போட்டுத்தான் கல்யாணம்.

நெஞ்சுப் படம் பாக்கி.
தோளைப் பலகையில் ஒட்டி நிறுத்தி
"மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றேன்.
ஷாஜினுக்கு அந்தச் சொல் வரவில்லை.
நானே இழுத்துக் காட்டினேன். இழுத்தார்.
ஈயத் தடுப்புக்குப் பின்னால் வந்து விரலை வைக்கும்போது
கரண்ட் போயிற்று.

ஜெனரேட்டர் போட வில்சன் மாடியேறினான்.
டீசல் இல்லை என்று கத்தினான். பிறகு இருக்கிறது என்றான்.
பைக்கில் விழுந்த பையன் வெளியே
கையைப் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டினான்.
விடுங்கள் என்று சொல்ல நான் மறந்துபோனேன்.

விளக்கு வந்தபோது
பலகையை இரு கையாலும் கட்டிக்கொண்டு
முட்டி லேசாக மடங்கி, கழுத்து நரம்பு புடைத்து
இன்னும் பிடித்திருந்தார்.

"விடுங்க, ஐயோ, விடுங்க."

விட்டார். பலகையில்
உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் படர்ந்தது.
திரும்ப எடுக்கணும் என்றேன். தலையாட்டினார்,
யாரும் காட்டாமலே மறுபடி இழுத்தார்.

போகும்போது ஷாஜின் கேட்டான், மெடல் உண்டா என்று.
வெண்கலம், ஏழு.
ஊறுகாய் ஜாடியின் மூடிமேல்
அவர் மனைவி பாரம் வைக்கிறாளாம்.

நூற்றொன்றுக்குத்தான் கதிரின் அளவு வைத்தேன்,
குறைத்தால் எலும்பு தெரியாது.
படிவத்தில் மட்டும் அடித்துத் திருத்தவில்லை.
சாயங்காலம் டாக்டர் தாணு
படத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக் கூப்பிட்டார்.
"ரெஜிலா, இது யாருக்க எடை?"

அவருக்கதுதான் சார், என்றேன்.